குடம் எங்கே இருந்தது?

ஆங்கில வாசிப்புத் தேர்வுக்கு வரும் பத்திகளை இன்ன வகுப்புக்கு என்று தரம் பிரிப்பதுதான் தில்லைநாயகியின் வேலை. பிரிப்பது என்னவோ கம்ப்யூட்டர்தான். சொல்லின் நீளத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும் எண்ணிப் பார்த்து அது சொல்லிவிடும். அன்று வந்த பத்தியில் எல்லாமே குட்டிக் குட்டி வாக்கியங்கள். அம்மா கிணற்றுக்குப் போனாள். தங்கையையும் தூக்கிக்கொண்டு போனாள். குடம் வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் வகுப்பு, மிகச் சுலபம் என்றது கம்ப்யூட்டர்.

"சார், இது புள்ளைங்களுக்கு வேணாமே," என்றாள்.

"ஏம்மா, இதுல எந்த வார்த்தை கஷ்டம்? காட்டுங்க, மாத்திடலாம்," என்றார் மேலதிகாரி அருள்ராஜ்.

அவளால் ஒரு வார்த்தையைக்கூடக் காட்ட முடியவில்லை.

வெள்ளோட்டத் தேர்வின் தாள்கள் அவளிடமே திருத்த வந்தன. குடம் எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் என்று எழுதி மதிப்பெண்ணை அள்ளியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுதி எழுதி அழித்ததில் அந்த இடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது. தில்லைநாயகி அந்த ஓட்டைக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தாள். பிறகு, விடைக்குறிப்பில் உள்ளபடி, பூஜ்யம் போட்டாள்.