சங்கத்து மீன்

மருதமுத்து மூச்சிரைக்கத் தெஹியோவிட்ட மீன்கடைக்குள் ஓடி வந்தபோது, ஜயசேன வெறும் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“மாலு நே! மீன் இல்ல!” என்று கையை விரித்தான். “சங்கத்து லொறி வரல்ல அண்ணே. நீங்களே கேளுங்க.”

அவன் சுழற்றிக் கொடுத்த டெலிபோனை மருதமுத்து பறித்துக்கொண்டார். எந்த ஊர் நம்பர் என்றுகூடக் கேட்கவில்லை.

“மீனவர் சங்கமா? நாளைக்கு எங்க வீட்டுல விருந்துங்க. வர்றவங்க கடலோரத்து ஆளுங்க. பருப்பும் சோறும் போட்டா மானம் போயிரும்!”

“இன்னிக்குப் படகே போகலைங்க. சங்கத்து முடிவு” என்றாள் செயலாளர் பெண்.

“ஒரே ஒரு படகை அனுப்புங்கம்மா!”

“ஒண்ணு மீறினா எல்லாம் மீறும். கட்டுப்பாடா இருக்கிறதாலதான் எங்க கடல்ல இன்னும் மீன் இருக்கு.”

“நேத்துப் பிடிச்சதாவது?”

“அது லொறியில கிளம்பிருச்சு. ஆனா விக்கிறதுக்கில்ல. எங்க உறுப்பினருக்குக் கல்யாணம்னா முதல் நாளே படகெல்லாம் நிக்கும். அதுக்கு முந்தின நாள் பிடிச்ச மீன் பூராவும் பொண்ணு வீட்டுக்குச் சீராப் போயிரும்.”

மருதமுத்துவுக்குப் பொறாமை தாங்கவில்லை. “எவன் அந்தக் குடுத்துவச்சவன்? வீட்டைச் சொல்லுங்க. கால்ல விழுந்தாவது பத்துக் கிலோ வாங்கிக்கிறேன்!”

மறுமுனையில் சிரிப்பு.

“தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டமாம். பொண்ணோட அப்பா பேரு மருதமுத்து. லொறி நெறைய மீன் வருதுன்னு அவருக்கு இன்னும் தெரியாது. பார்த்தீங்கன்னா சொல்லிராதீங்க!”