கதைச்சுக்கொண்டு நீந்து

சாட்டிக் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாள் மேரிஜோசப்பின். புருசனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து கரைக்கு வந்தால் அவள் இருக்கும் முறை இதுதான். பின்னால், நோர்வேயிலிருந்து லீவில் வந்திருக்கும் மகள் ஜொய்சி நீரில் இறங்கும் சளப்புச் சத்தம். தகப்பன் போனபிறகு முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சடைத்துப்போகும் பிள்ளை அது. "ஆரடி உனக்கு நீந்தப் பழக்கினது?" என்கிறாள், மணலைப் பார்த்தபடி. "அங்க ஒரு மனநல டொக்டர் மனிசியிட்ட ஒரு வருசம் மனம்விட்டுக் கதைச்சனான் அம்மா. அவதான் நீச்சல் வகுப்புக்கு அனுப்பினவ." "கதைக்க இஞ்ச ஆள் இல்லையோ?" "இஞ்ச வாயைத் திறந்தா, அழாதை எண்டெல்லே சொன்னனீங்கள்!" மகளுக்குத் துவட்ட மடியில் வைத்திருக்கும் துவாயை முறுக்குகிறாள் மேரிஜோசப்பின். "சரி, வாய்க்காரி. கதைச்சுக்கொண்டு நீந்து. எனக்குச் சத்தம் கேக்கவேணும்." "ஓம் அம்மா... இப்ப இடுப்பளவு... இப்ப நெஞ்சளவு... கால் நிலத்தில முட்டேல்லை அம்மா!" குரல் சிரித்தபடி தூரப் போகிறது. பிறகு ஒன்றுமில்லை. பனையோலைகள் மட்டும் காற்றில் உரசுகின்றன. "ஜொய்சி? எடி ஜொய்சி!" துவாய் மணலில் விழ, பதினெட்டு வருசத்துக்குப் பிறகு அவள் கடலைத் திரும்பிப் பார்க்கிறாள். வெயிலில் கண் கூசுகிறது. தூரத்தில் மகள் முகத்தை நீருக்குள் அமிழ்த்தி, நிதானமாகக் கைவீசிப் போகிறாள். அந்த முகம் மூச்சுக்காக வெளியே வரும்போதெல்லாம், கரையில் மேரிஜோசப்பினும் மூச்சை இழுக்கிறாள்.