கீபோர்டின் எச்சரிக்கை

தையல்கார அக்காவின் போனில், எழுத்து பெரிதாகத் தெரியும் புதிய கீபோர்டை ஏற்றிக்கொண்டிருந்த செல்போன் கடைக்காரன் நிமிர்ந்தான்.

"அக்கா, எச்சரிக்கை வருது. நீங்க டைப் பண்றதையெல்லாம் இந்தக் கம்பெனிக்காரங்க எடுத்துக்கலாமாம். சம்மதமா?"

"எடுத்து, படிப்பாங்களா தம்பி?" அவள் மேசைமேல் சாய்ந்து கேட்டாள்.

பயந்துவிட்டாள் என்று நினைத்து அவசரமாகத் தேற்றினான். "அது சும்மா பேச்சுக்குப் போடறது அக்கா. யார் உட்கார்ந்து படிக்கப் போறா?"

அவள் முகம் வாடியது. "ஒருத்தர்கூடவா படிக்க மாட்டாங்க?"

கீபோர்டைச் சோதிக்க வாட்ஸப்பைத் திறந்தான். தங்கைக்கு அவள் அனுப்பியவை வரிசையாகக் கிடந்தன. 'இன்னும் கோபமா?' 'சாப்பிட்டியா?' 'ஒரு வார்த்தை பேசுடி.' ஒன்றைக்கூடத் தங்கை திறந்து பார்க்கவில்லை.

அவன் தன் எண்ணை அவள் போனில் பதிவுசெய்தான்.

"கீபோர்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு தெரியணும்க்கா. தினமும் எனக்கு ஏதாவது எழுதுங்க. நான் படிச்சுட்டுச் சொல்றேன்."