ஒரு பக்கத்துக்கு ஒரு செங்கல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரை இயந்திரம் கட்டுகிறது. ஊரில் யாராவது ஒரு பக்கம் படித்தால் அது ஒரு செங்கல் வைக்கும். செங்கல் செலவு வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்களுடையது. மழைக்குள் சுவர் எழும்பாவிட்டால் என் பேத்தியையும் மற்ற பிள்ளைகளையும் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். படித்தால் கல் வைக்கும் என்பதை நான் நம்பவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவன்தான். அதற்காக என் காதில் பூச் சுற்ற முடியுமா?

"நீயே போய் நின்னு பாத்துச் சொல்லு" என்று மருமகள் பூவாத்தாளைப் பள்ளிக்கு அனுப்பினேன். கண் வரியோடு ஓடுகிறதா என்று பார்த்து இயந்திரத்துக்குச் சொல்லுமாம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கண்ணாடி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை மாட்டி, புத்தகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

"மிசின் அசையல மாமா," என்றாள் போனில். "சும்மா புரட்டுறீங்களா?"

திருட்டுக் கண்ணாடி! கண்டுபிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கதையில் ஓர் ஆடு கிணற்றில் விழுந்துவிட்டது. பக்கம் முடிவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"மாமா, வச்சிருச்சு! உங்க கல்லு!"

"நெசமாவா?"

"கண்ணால பாக்குறேன். இப்பவாவது நம்புறீங்களா? வந்து சோறு போடுறேன், இருங்க."

"சோறு கிடக்கட்டும், நீ அங்கேயே நில்லு ஆத்தா. ஆடு இன்னும் கிணத்துக்குள்ளதான் கத்திக்கிட்டிருக்கு."