மூன்று பேருக்கு உப்பு

அம்மா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்குள் பிள்ளைகளுக்குச் சூப் வைக்கக் கற்றுத் தந்துவிடுவதாக அப்பா வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் சூப்பை வாயில் வைத்ததும் மகன் ஓடிப்போய்த் துப்பினான். "அப்பா, இது சூப்பா, கடல் தண்ணியா?"

"மூணு பேருக்கு எவ்வளவு உப்புன்னு கைக்குப் பிடிபடலைடா" என்று அசடு வழிந்தார் அப்பா. மறுநாள் பயந்து பயந்து போட்டதில் சப்பென்று ஆகிவிட்டது.

"நகருங்கப்பா" என்று மகள் சின்ன ஸ்பூனை எடுத்தாள். "முதல்ல கால் ஸ்பூன் போடுவோம். பத்தலேன்னா இன்னும் கொஞ்சம்."

மூவரும் மாறி மாறி ருசி பார்த்தார்கள். முக்கால் ஸ்பூனில் சரியாக வந்தது. அப்பா மறக்காமல் எழுதிவைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று அம்மா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "யாரு வச்சது?" என்றாள்.

"நாங்கதான். அப்பாவுக்கும் கத்துக்கொடுத்துட்டோம்!" என்றாள் மகள்.

சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குப் புரையேறியது.

திங்கட்கிழமை காலை அப்பா வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஹோட்டல் சமையலறைக்குள் நுழைந்தார். மானேஜர் பதறிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், திடீர்னு ஒரு விருந்து. எண்ணூறு பேருக்குச் சூப் வேணும்!"

"எண்ணூறா? அப்பாடா!" என்று உப்பு ஜாடிக்குள் கைவிட்டார் அப்பா. "நான்கூட மூணு பேர்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."