பூ மூடுறதுக்குள்ள

"இந்த அமிர்தம் அக்கா வேணும்னுதான் பண்ணும், பாருங்க!"

காலையிலிருந்து தமிழ்ச்செல்வி இதையேதான் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பொங்கலை ஒட்டி அண்ணாமலை நகரில் அவர்கள் தெருவுக்குத் தோட்டப் போட்டி. பாக்கி இரண்டே வீடு. பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அமிர்தம், கடைசியாக இவள் வீடு.

போன வருஷப் பரிசு அமிர்தத்தின் ரோஜாக்களுக்கு. தமிழ்ச்செல்வி வாசலில் பரப்பியிருந்ததோ விஷ்ணுகிராந்தி. வரப்போரத்தில் தானாக முளைக்கிற செடி. தரையோடு படர்ந்து, நீலச் சேலையைக் காயப்போட்ட மாதிரி பூத்துக் கிடந்தது. ஒரே கோளாறு, உச்சி வெயில் வந்தால் பூ மொத்தமும் மூடிக்கொள்ளும்.

"பிரைஸ் வரலன்னா இந்தக் களையைப் புடுங்கிட்டு சிமெண்டு போட்டுடுவேன். பைக் நிறுத்த இடமில்ல," என்று புருஷன் தேவநாதன் வேறு சொல்லிவிட்டார்.

"கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரையே இலை போட்டு உக்கார வச்ச ஆளுங்க அமிர்தம் அக்கா! நடுவருங்க ஏப்பம் விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள என் பூ தூங்கிடும்!"

பதினோரு மணி. கேட் சத்தம். எட்டிப் பார்த்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நடுவர்களும் அவள் வாசலில்!

"பக்கத்து வீடு பூட்டியிருக்கும்மா. அவுங்க போட்டியில இல்ல. அடேயப்பா, என்னம்மா இது, ஜமுக்காளம் விரிச்சாப்ல!"

முதல் பரிசு அங்கேயே முடிவாகிவிட்டது. நடுவர்கள் தலை மறைந்ததும் தமிழ்ச்செல்வி புருஷன் கையைப் பிடித்துக் குதித்தாள்.

"தோத்துடுவோம்னு பயந்து ஓடிடுச்சு, பாத்தீங்களா!"

"ஏ தமிழு! பிரைஸ் உனக்குத்தான?"

பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அமிர்தத்தின் முகம்!

"அக்கா! உள்ளயா இருக்கீங்க? வெளிய பூட்டு தொங்குதே!"

"உன் வீட்டுக்காரரைச் சுத்தியலோட வரச் சொல்லு. உங்க மாமா சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு கடலூருக்குப் பஸ் ஏறிட்டாரு."

"ஐயோ, மறதியா பூட்டிட்டாரா?"

"மறதியாவது! நான்தான் பூட்டிட்டுப் போங்கன்னேன். கதவு தொறந்திருந்தா, வந்தவங்களைச் சாப்பிடாம அனுப்ப எனக்கு மனசு வருமாடி? அதுக்குள்ள உன் பூ மூடிக்கிட்டா என்னா பண்றது?"