முதலில் சொன்னவர்

கால்பந்து அணியின் கேப்டன் லாரன்சுக்கு முழங்கால் போய்விட்டதாக டிவி சொன்னதை நம்பி, இறுதி ஆட்டத்திலிருந்தே அவனைத் தூக்கிவிட்டார்கள். அவனோ வியாசர்பாடி டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“டிவிக்காரனுங்களுக்கு எவன் சொன்னான்? இப்ப கேக்குறேன் பாரு!” எத்திராஜ் நியாயத்துக்கென்றே பிறந்தவர். எந்த வதந்தியையும் முதலில் கிளப்பிய வாயைக் காட்டும் கடைச் சுவர்த்திரையைத் தட்டினார்.

‘முதலில் சொன்னவர்: எத்திராஜ். இதே கடை, செவ்வாய்க்கிழமை.’

அன்று லாரன்ஸ் வணக்கம் வைக்காமல் போன கடுப்பில், “நடையே சரியில்ல, முட்டி காலி” என்று தான் தீர்ப்பு வழங்கியது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

லாரன்ஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “நீயாண்ணா?”

“இந்த மிஷினே ரிப்பேராம்பா. ஊரே சொல்லுது.”

திரை மறுபடி மின்னியது.

‘முதலில் சொன்னவர்: எத்திராஜ். இதே கடை, இப்போது.’